சவுண்டு அண்ணன்

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் தெருவுக்கு ஒரு சவுண்டு அண்ணன் உண்டு. எங்கள் தெருக்காரருக்கு ஷூ கம்பெனியில் ஜோடி சேர்க்கும் வேலை. தோலை விரலால் தடவியே மாட்டின் முதுகா வயிறா என்று சொல்லிவிடுவார். இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறம் ஒரு சாயல் மாறினாலும் ரிஜெக்ட்.

ஞாயிற்றுக்கிழமை அதே மனிதர் ஸ்பீக்கர் ஜோடி சேர்ப்பார். இடது பெட்டியில் பழைய காரில் கழற்றிய 4 ஓம் ஊஃபர். வலது பெட்டியில் காயலான் கடை டி.வி.யின் 8 ஓம். பெட்டிக்கு மேலே போர்த்திய ஆட்டுத்தோல் மட்டும் இரண்டுக்கும் ஒரே நிறம், தையல் ஒரு நூல் பிசகியிருக்காது.

"அண்ணே, ரெண்டும் ஒரே ஓம்ஸா இருக்க வேணாமா?"

"தோலு ஒண்ணா இருக்குதில்ல தம்பி?"

ஒரே ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் ஸ்பீக்கர், 8 ஓம் இழுப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வாட்ஸ் இழுக்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளே இருப்பது 44-40 ஐ.சி. ஸ்டீரியோவாகப் போட்டால் பக்கத்துக்கு 6 வாட்ஸ், இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிரிட்ஜ் போட்டால் 19. முகப்பு ஸ்டிக்கரில் 1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. மீதி எங்கே என்று கேட்டால், "அது பாட்டுக்குள்ள இருக்குது" என்பார்.

போன மாதம் மச்சான் மகள் காதுகுத்து. 'கூட்டம் ஜாஸ்தி' என்று 8 ஓம் ஊஃபர் நான்கை இணையாகக் கோத்து, பிரிட்ஜ் போட்டுவிட்டார். நான்கு எட்டும் சேர்ந்தால் 32 இல்லை, 2 ஓம். அந்தச் சின்ன ஐ.சி. தாங்குமா? இரண்டாவது பாட்டுப் பல்லவியிலேயே புகைந்தது. பாலாற்றங்கரையில் தோல் வாடையோடு பிறந்த மூக்குகள். கருகல் வாடை ஒருவருக்கும் உறைக்கவில்லை. பாட்டு நின்றதே பிரியாணிப் பந்தி முடிந்தபிறகுதான் தெரிந்தது.

மறுநாள் கம்பெனிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தார். சென்னை ரிச்சி தெருவில் ஐ.சி. இரண்டு வாங்கினார், ஒன்று அடுத்த காதுகுத்துக்கு.

இப்போது செட் மறுபடி பாடுகிறது. வீட்டில் எல்லோரும் இடது பெட்டி பக்கமே உட்கார்ந்து கேட்கிறார்கள். வலது பெட்டியின் மேல் துணி காய்கிறது.