தூங்குமூஞ்சிக்கு இங்கிலீசுல என்ன பேரு?

வா தம்பி, உக்காரு. கட்டில் வேண்டாம், மூட்டப்பூச்சி கெடக்கு. திண்ணையில உக்காரு. கையில என்னது, கல்யாணப் பத்திரிகையா? இல்லையா? புள்ளைகளோட கொணப் பட்டியலா? அப்படிப் போடு!

வாத்தியாரு வேலைக்குச் சேந்து முழுசா மூணு மாசம் ஆகல. அதுக்குள்ள 42 புள்ளைக கொணத்தையும் கண்டுபுடிச்சு, தாள்ல அடிச்சு, பிளாஸ்டிக் கவரும் போட்டுட்ட. எனக்கு வாக்கப்பட்டு வந்தவ கொணம் 53 வருசமா எனக்குப் பிடிபடல. காலையில நான் கருப்பட்டிக் காப்பி கேட்டா ஒரு கொணம். அதே காப்பியை அவ தம்பிக்குப் போடும்போது வேற கொணம். நீ கெட்டிக்காரன்தான்.

சரி, எப்படிக் கண்டுபுடிச்ச? 70 கேள்வியா? ஒண்ணு சொல்லு பாப்போம். விசேச வீட்டுக்குப் போனா எல்லாரோடயும் பேசுவியா, தெரிஞ்சவுகளோட மட்டும் பேசுவியான்னா கேட்ட? ஏழாங்கிளாசுப் பயகிட்டயா? ஏப்பா, அவன் விசேச வீட்டுக்குப் பேசவா போறான்? பந்தி எப்ப போடுவாகன்னு பாக்கப் போறான். அதுக்குத் தாள்ல கட்டம் இருக்கா?

எங்க ஆத்தா பள்ளிக்கூடப் படி மிதிச்சவ இல்ல. ஆறு புள்ளை பெத்தா. என்னைச் சிடுமூஞ்சிம்பா. எங்கண்ணன் தூங்குமூஞ்சி. தங்கச்சி உம்மணாமூஞ்சி. கடைக்குட்டி இருக்கானே, அவன் துறுதுறு, ஒரு எடத்துல நிக்கமாட்டான். மிச்சம் ரெண்டு பேருக்குப் பேரு வைக்க அவளுக்கு நேரமில்ல. காட்டுவேலை கெடந்துச்சு.

பி.எட் படிக்கிற என் பேத்திகிட்ட இதைச் சொன்னேன். அவ விழுந்து விழுந்து சிரிக்கா. 'தாத்தா, இந்த நாலுதான் எங்க மனோதத்துவப் புத்தகத்துல இருக்கு'ங்கா. கிரேக்க தேசத்து ஹிப்போகிரட்டீசு பேரைச் சொல்லி வந்ததாம். பொறவு ரோமாபுரிக் காலத்துல காலன்னு ஒரு வைத்தியரு. வாள்சண்டை போடுத அடிமைகளுக்கு மருந்து கட்டுனவரு. நம்ம எமன் இல்லப்பா, பேரே அப்படித்தான். அந்தக் காலத்துல ஒடம்புக்குள்ள நாலு சாறு ஓடுதுன்னு கணக்கு. ரத்தம், சளி, மஞ்சப் பித்தம், கரும்பித்தம். ரத்தம் மிஞ்சுனா துறுதுறு. சளி மிஞ்சுனா தூங்குமூஞ்சி. மஞ்சப் பித்தம் ஏறுனா சிடுமூஞ்சி. கரும்பித்தம் ஏறுனா உம்மணாமூஞ்சி. நம்ம நாட்டு வைத்தியருக்கு வாதம், பித்தம், கபம்னு மூணே போதும். அவுகளுக்கு ஒண்ணு கூட வேண்டியிருந்துருக்கு. பணக்கார தேசம்.

கரும்பித்தம்னு ஒரு சாறே ஒடம்புல கெடையாதுன்னு பொறவு வந்த டாக்டருமாரு சொல்லிட்டாக. சாறு போயிருச்சு. மூஞ்சி நாலும் மட்டும் போகல.

இதைப் பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டாந்து பாய் விரிச்சவரு ருடால்ஃப் ஸ்டெய்னரு. 1919ல ஜெர்மனியில, ஸ்டுட்கார்ட் ஊர்ல. வால்டார்ஃப் அஸ்டோரியான்னு சிகரெட்டுக் கம்பெனி. அதுல வேலைபாக்குத சனங்க புள்ளைகளுக்குன்னு தொடங்குன பள்ளிக்கூடம். கொணம் பாத்து உக்காரவைன்னு வாத்தியாருமாருக்குச் சொன்னாரு. சிடுமூஞ்சிகளை ஒண்ணாப் போடு, முட்டி மோதி அடங்கிருவாங்க. தூங்குமூஞ்சிகளை ஒண்ணாப் போடு, ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்துச் சலிச்சு முழிச்சுக்குவாங்க. இதான் யோசனை.

நான் கெடை போட்ட ஆளு. ரெண்டு கிடாயை ஒரே பட்டியில அடைச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். விடியக்காலம் ஒரு கொம்பு தரையில கெடக்கும். ஆனாலும் அந்த மனுசரை ரொம்பக் கேலி பண்ணமாட்டேன். சிடுமூஞ்சியை அடிச்சுத் திருத்துன்னு அவரு சொல்லல. அந்தக் காலத்துல இங்க எங்க வாத்தியாருக்குத் தெரிஞ்ச மனோதத்துவம் ஒண்ணே ஒண்ணுதான். புளியவிளாரு.

இன்னொரு சங்கதி கேளு. கணக்குலயும் அவரு கொணத்தைக் கலந்துட்டாரு. கூட்டல் தூங்குமூஞ்சிக்குச் சேரும். கழித்தல் உம்மணாமூஞ்சிக்கு. பெருக்கல் துறுதுறுவுக்கு. வகுத்தல் சிடுமூஞ்சிக்கு. இதை மனசுல வச்சுக்கோ, பொறவு வாரேன்.

அடுத்து அமெரிக்காவுல ஒரு ஆத்தாளும் மகளும். கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மயர்ஸ். ஆத்தாக்காரி வீட்டுலயே மனுசருகளை வகை பிரிச்சுக்கிட்டு இருந்தவ. யுங்னு சுவிட்சர்லாந்து டாக்டரு எழுதுன புத்தகம் 1923ல இங்கிலீசுல வந்துச்சு. படிச்சவ, 'நான் நெனச்சதை இவரு எழுதிட்டாரே'ன்னு தன் ஏட்டை ஓரங்கட்டிட்டா. மகக்காரி துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்குனவ. ரெண்டு பேரும் காலேசுல மனோதத்துவம் படிச்சவுக இல்ல. ரெண்டாம் உலக யுத்தத்துல ஆம்பளைக சண்டைக்குப் போயிட்டாக, பொம்பளைக வேலைக்கு வந்தாக. யாருக்கு எந்த வேலை தோதுன்னு கண்டுபுடிக்க இந்தம்மா கேள்வித்தாள் போட்டா. அதுல வந்ததுதான் 16 வகை, ஆளுக்கு நாலு எழுத்து. நல்ல எண்ணந்தான். துப்பறியுதவ கண்ணுக்கு எல்லா மனுசனும் துப்புதான.

அதையும் சுருக்கி மறுபடி நாலாக்குனவரு டேவிட் கெர்சி. யுத்தத்துல சண்டை விமானம் ஓட்டுனவரு. பொறவு தொந்தரவு பண்ணுத பயகளுக்கான பள்ளிக்கூடத்துல வேலை பாத்தவரு. 1978ல கூட்டாளி ஒருத்தியோட சேந்து புத்தகம் போட்டாரு. 'தயவுசெஞ்சு என்னைப் புரிஞ்சுக்கோ'ன்னு தலைப்பு. தலைப்பு சரியான தலைப்பு, அதை நான் ஒத்துக்கிடுதேன். உன் கையில இருக்க 70 கேள்வியும் அவரு கேள்விதான். அமைதியா உக்காந்திருக்கவன் மக்கு இல்ல, ஓடுதவன் ரவுடி இல்லன்னு ஒரு வாத்தியாருக்கு உறைக்க வச்சா அந்தப் புத்தகம் போட்ட காசுக்கு மோசமில்ல.

அதை வச்சு உன்னை மாதிரிப் புள்ளைக சீட்டு எழுதுதீகளே, அங்கதான் எனக்குச் சிரிப்பு வருது. இந்த வகைப் பயலுக்கு வெளையாட்டு குடு. அந்த வகைப் பயலுக்குப் பொறுப்பு குடு, கிளாசு லீடராக்கு. மூணாவது வகைக்கு ஏன் எதுக்குன்னு வெளக்கம் குடு. நாலாவது வகைக்கு அன்பா ஒரு வார்த்தை குடு. ஏப்பா, வெளையாட்டு வேண்டாங்கிற புள்ளை எந்த வகை? அன்பா ஒரு வார்த்தை சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கிடுத புள்ளை எந்த ஊர்ல இருக்கு? சத்துணவுல முட்டை போடுத ஆயா, நீ எந்த வகைன்னு கேட்டா போடுதா?

உன் பட்டியலைப் பாத்ததும் பெத்தவுக 'எங்க புள்ளை அச்சு அசல் இப்படித்தான்'னு சொன்னாக, அப்படித்தான? சொல்லத்தான் செய்வாக. 1948ல ஃபோரர்னு ஒரு அமெரிக்க வாத்தியாரு ஒரு வேலை பண்ணாரு. 39 மாணவருக்குப் பரீச்சை வச்சாரு. ஆளுக்கொரு தாள் குடுத்து, 'இது உன் கொணம், எம்புட்டுப் பொருத்தம்னு 5க்கு மார்க்குப் போடு'ன்னாரு. சராசரி 4.26 போட்டாக. அம்புட்டுத் தாள்லயும் ஒரே வாசகம். அதுவும் கடையில தொங்குத சோசியப் புத்தகத்துல இருந்து எடுத்தது.

இதைத்தான நம்ம குடுகுடுப்பைக்காரன் காலங்காலமாச் செய்தான்? 'இந்த வீட்டம்மா மனசுல ஒரு கவலை இருக்கு, வெளிய சொல்ல மாட்டா.' எந்த வீட்டுல இல்ல? அவனுக்குப் பழைய வேட்டி குடுத்தாப் போதும். டவுன்ல புள்ளை விரல் ரேகையை மிசின்ல பதிச்சு, டாக்டராவானா கலெக்டராவானான்னு சொல்லுதவனுக்கு ஆயிரக்கணக்குல அழணும். சோசியத்து மேல அம்புட்டு நம்பிக்கைன்னா கோயில் வாசல்ல சோசியக் கிளி இருந்துச்சு, அது நெல்லுமணிக்குச் சீட்டு எடுத்துச்சு.

என் பேத்தி எனக்கும் அந்த 70 கேள்விப் பரீச்சை வச்சா, தெரியுமா? காலையில கஞ்சிக்கு முன்ன கேட்டா. நான் படைத் தளபதி மாதிரி ஆளுன்னு வந்துச்சு. மத்தியானம் கருவாட்டுக் கொழம்பு தின்னுட்டுச் சாஞ்சு கெடக்கும்போது மறுபடி கேட்டா. கனவு காணுத சாதுவாம். எதை நம்பன்னு கேட்டா. கொழம்பை நம்புன்னேன்.

உன் பட்டியல்ல மேலத்தெருப் பய ஒருத்தன் இருக்கானே, கடைசி பெஞ்சு. என்ன போட்டிருக்க? மந்த கொணம், ஊக்கம் குறைவு, கணக்கு வராது. சரி. அவன் எத்தன மணிக்கு எந்திரிக்கான் தெரியுமா? மூணு மணி. மல்லிகை மொட்டு விடியமுன்ன பறிக்கணும். விரிஞ்சாப் போச்சு, வெலை விழுந்துரும். நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு, இடுப்புல துணியத் தூளி மாதிரிக் கட்டிக்கிட்டு, அவன் அம்மையோட நெறை நெறையாப் பறிக்கான். ரெண்டு விரலாலதான் கிள்ளணும், காம்பு முழுசா வரணும். பொறவு சைக்கிள்ல மூட்டை. பொறவு உன் முதல் பீரியடு.

போன மாசம் பூக்கடையில நான் நிக்கேன். மூணு கிலோ நானூறு போட்டான், கிலோ 650 ரூவா. வியாபாரி 1899ஐ எண்ணி நீட்டுதாரு. பய கொட்டாவி விட்டுக்கிட்டே சொல்லுதான்: 'அண்ணாச்சி, 2210 வருது. பத்துக்கு ஒண்ணு கமிசன், 221 போக 1989. எழுத்து மாறிப் போச்சு.' அண்ணாச்சி பொட்டியத் தட்டிப் பாத்தாரு. தலையச் சொறிஞ்சுட்டு இன்னொரு 90 ரூவா குடுத்தாரு.

ஸ்டெய்னரு கணக்கை மனசுல வைக்கச் சொன்னேனே. பெருக்குனான், கழிச்சான், கமிசனுக்கு வகுக்கவும் செஞ்சான். அப்ப அவன் துறுதுறுவா, உம்மணாமூஞ்சியா, சிடுமூஞ்சியா? தூக்கத்துக்குக் கொணத்துல ஒரு பேரு வச்சா அப்படித்தான் ஆகும். தூங்குத பயலுக்கு ஊக்கம் எப்படிக் குடுக்கன்னு என்னைக் கேட்ட பாத்தியா, முதல் பீரியட்ல கால் மணி நேரம் அவனைத் தூங்க விடு. உன் பாடத்துல மத்தவனும் அதைத்தான செய்தான்?

கோவிச்சுக்காத. வகை பிரிக்கிறதை நம்மாளும் விடல. நன்னூல் படிச்சிருக்கியா? பவணந்தி முனிவரு, எண்ணூறு வருசம் ஆச்சு. எங்க தமிழ் வாத்தியாரு அதைக் கரைச்சுக் குடிச்சவரு. மாணாக்கருல தலை, இடை, கடைன்னு மூணு தட்டு. அன்னமும் பசுவும் ஒசத்தி. மண்ணும் கிளியும் நடு. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி இதெல்லாம் கடைசி. நெய்யரின்னா நெய்ய விட்டுட்டுக் கசடைப் பிடிச்சு வச்சுக்கிடும். ஆட்டை ஏன் கடைசியில போட்டாருன்னா, ஒரு செடியிலயும் நின்னு மேயாதாம். எனக்கு வருத்தம்தான். எங்க வாத்தியாரு என்னை எருமைம்பாரு. 'நீ எறங்குனா தண்ணியே கலங்கிருதுல'ன்னு சொல்லிச் சொல்லியே எனக்குத் தமிழ் மேல ஒரு பயம். எருமைன்னு அவரு கூப்பிட்ட நாள்ல இருந்து கலக்கித்தான் குடிச்சேன், வேற எப்படிக் குடிப்பேன்? இதுக்கும் அமெரிக்காவுல ஒரு சோதனை உண்டு. ரோசந்தால்னு ஒருத்தரு. குலுக்கல்ல எடுத்த புள்ளைகளை, 'இதுக எல்லாம் இனி பிரமாதமா வரும்'னு வாத்தியாரம்மாகிட்ட அவரு கூட்டம் சொல்லி வச்சுச்சு. சின்ன கிளாசுல அந்தப் புள்ளைக முந்துச்சுன்னு 1968ல புத்தகம் போட்டாக. எம்புட்டு முந்துச்சுன்னு படிச்சவுகளுக்குள்ள சண்டை இன்னும் ஓயல. சண்டை போடட்டும். எருமைக்குச் சாட்சி நான் இருக்கேன்.

ஆனா பவணந்தியாரு ஒரு நியாயம் பண்ணாரு பாரு. வாத்தியாரையும் விடல. கழற்சிக்காய் போட்ட குடம்னு ஒரு வகை. உள்ள போட்ட வரிசையில வெளிய வராது, தாறுமாறாக் கொட்டும். மடல் மண்டுன பனைன்னு ஒண்ணு. தானாப் பழம் விழுந்தா உண்டு, ஏறிப் பறிக்க விடாது. பஞ்சைத் திணிச்ச குடுவை ஒண்ணு. கிள்ளிக் கிள்ளித்தான் உள்ள போகும், கிள்ளிக் கிள்ளித்தான் வெளிய வரும். வளைஞ்ச தென்னை ஒண்ணு. தண்ணி ஊத்துதவன் ஒருத்தன், காய் விழுறது அடுத்தவன் தோட்டத்துல. 42 புள்ளைகளுக்கும் நாலு எழுத்து ஒட்டுனியே தம்பி, உனக்கு அந்தப் புள்ளைக என்ன போட்டிருக்கும்? கேட்டியா? கேக்காத. ஏழாங்கிளாசுப் பயக பட்டப்பேரு வச்சா நெஞ்சு தாங்காது.

என்ன எழுந்துட்ட? இருப்பா, பொழுது சாயுது, குட்டிகளை அடைக்கணும். பதினெட்டு இருக்கணும், பதினேழு நிக்கி. அந்தச் செவலை வரல. போன வாரம் என் பேரன் அதைத் திமிரு பிடிச்சதுன்னு சொல்லிக் கம்பை ஓங்குனான். குளம்பைத் தூக்கிப் பாத்தேன், ஒடிஞ்ச கருவ முள்ளு, அரை விரக்கட இருந்துச்சு. புண்ணு இன்னும் ஆறல. ஓடைக்கரையில அந்த ஒத்த ஒடமரத்தடி நெழல்லதான் நிக்கும். ஒரு கை பிடிச்சுத் தூக்கிட்டு வர வாரியா, இல்ல அதுக்கும் 70 கேள்வி வச்சிருக்கியா?