திகதி மாமா

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் ஒழுங்கைக்கு ஒரு திகதி மாமா இருப்பார். துறைமுகத்தில் சாமான் கணக்குப் பார்த்தவராகவோ, சுங்கத்தில் எழுதுவினைஞராகவோ, கப்பல் ஏஜென்சிக்காக ஓடித்திரிந்தவராகவோ இருந்து இளைப்பாறியவர். கப்பல் வரும் திகதி, சரக்கு இறங்கும் திகதி, கப்பல் போகும் திகதி என்று காலமெல்லாம் எழுதிய கை சும்மா இருக்காது. பென்சன் எடுத்த மறுநாளே ஊராரின் பாஸ்போட்டுகளைத் தேடத் தொடங்கிவிடும்.

கோயில் வாசலிலோ மீன் சந்தையிலோ மூதூர் லோஞ்சு வந்து நிற்கும் இறங்குதுறையிலோ கண்டால் "சுகமோ?" என்று கேட்கமாட்டார். "பாஸ்போட் எப்ப முடியுது?" என்பார். பாஸ்போட் எடுக்காதவர்களை அவர் இன்னும் பிறக்காத கணக்கில் வைத்திருக்கிறார். எடுத்தவர்களையும் பெயரால் நினைப்பதில்லை. "ஆர், அந்த மார்ச் பதினேழுப் பொடியனோ? அவன்ர பெண்சாதி அவனுக்கு முந்தி முடியிறாள்" என்று அவர் சொல்லக் கேட்டு, புதிதாகக் குடிவந்தவர்கள் சாத்திரியார் என்று நினைத்துப் பயந்ததும் உண்டு.

அவரிடம் பாஸ்போட்டைக் கொடுப்பது ஒரு சடங்கு. முதலில் கை கழுவுவார். சாரத்தில் துடைக்கமாட்டார், ஈரம் காயும்வரை இரண்டு கையையும் காற்றில் பிடித்துக்கொண்டிருப்பார். தேத்தண்ணிக் கோப்பையை மேசையின் மறு அந்தத்துக்குத் தள்ளச் சொல்வார். படத்தை ஏறிட்டும் பாரார். அந்தப் பக்கத்தின் அடியில் ஓடும் இரண்டு வரி எழுத்தையும் இலக்கத்தையும் வெளிச்சத்துக்குச் சரித்து, கீறல் இல்லையென்று கண்ட பிறகுதான் மூச்சு விடுவார். தையலை நகத்தால் வருடுவார். வெற்றுப் பக்கங்களை எண்ணி, "இந்தியாவுக்கு ரெண்டு வேணும்" என்பார். பிறகு வலது கைப் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கும். வீட்டிலுள்ள அத்தனை பேரும் அந்தப் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "ஐஞ்சு மாசமும் இருவத்தாறு நாளும்" என்று தீர்ப்பு வரும். ரிக்கற் போட்ட வீடென்றால் அந்த இடத்தில் யாராவது ஒருவர் அழுவார்.

துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று நம் ஆட்கள் போகும் பல நாடுகள், பாஸ்போட்டில் குறைந்தது ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே மாமாவின் கணக்கு அரசாங்கத்தின் கணக்கோடு ஒத்துவராது. "பத்து வருசப் பாஸ்போட் எண்டு ஆர் சொன்னது? ஒன்பதரை. மிச்சம் அரை வருசம் அலுமாரிக்கு. பதினாறு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளுக்கு மூண்டு வருசம் குடுக்கினம். அது ரெண்டரை."

"திகதிக்குள்ள திரும்பி வந்தால் போதாதே மாமா?" என்று எந்தப் பொடியனாவது வாயைக் கொடுத்தால் அன்று அவன் வேறு வேலை பார்த்தபாடில்லை.

"நீ திரும்பி வருவாய் எண்டு உன்ர கொம்மா நம்புவா. சிங்கப்பூர்க்காரன் ஏன் நம்பவேணும்? காய்ச்சலில விழுந்து ஆசுபத்திரியில கிடந்தாய் எண்டு வை. வழக்கில மாட்டினாய் எண்டு வை. பாஸ்போட் செத்த மனிசனை அவன் எந்த நாட்டுக்கு அனுப்புறது?"

கட்டுநாயக்கவில் மறித்த கவுண்டர்ப் பிள்ளையைத் திட்டவும் விடமாட்டார். கடதாசி சரியில்லாத பயணியைக் கொண்டுபோய் இறக்கினால், திருப்பி ஏற்றி வரும் பொறுப்பு விமானக் கொம்பனியின் தலையில் விழும். பல நாடுகளில் தண்டமும் கட்ட வேண்டும். அதனால்தான் அந்தப் பிள்ளை டிமாட்டிக் என்ற கணினிப் பட்டியலில் நாடு நாடாகத் தட்டிப் பார்க்கிறது. "அவன்ர எல்லை அங்க இல்லை மகன், இஞ்ச கவுண்டரிலதான் கிடக்கு" என்பார் மாமா.

ஐரோப்பா என்று பேச்சு வந்தால் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போடுவார். அங்கே இரட்டைக் கணக்கு. செங்கன் நாடுகளுக்குப் போகிறவர் வெளியேறும் நாளுக்குப் பிறகும் பாஸ்போட்டில் மூன்று மாதம் கிடக்க வேண்டும். உள்ளே போகும் நாளில் அது எடுத்துப் பத்து வருடம் தாண்டியிருக்கவும் கூடாது. 2018 செப்டெம்பர் வரை பிரிட்டனில் பழைய பாஸ்போட்டில் மிஞ்சிய மாதங்களை, ஒன்பது மாதம் வரை, புதியதில் சேர்த்துக் கொடுத்தார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு அந்தப் போனஸ் மாதங்கள் வினையாகிவிட்டன. மாமாவின் லண்டன் மருமகன் பாரிஸில் ஒரு சாமத்திய வீட்டுக்கு வெளிக்கிட்டபோது, முடிகிற திகதி உயிரோடு இருந்தது. எடுத்த திகதி பத்தைத் தாண்டியிருந்தது. பெண்சாதி போனாள், பிள்ளைகள் போனார்கள், பலகாரமும் போய்ச் சேர்ந்தது. மருமகன் வீட்டுக்குத் திரும்பி வந்து பாண் சாப்பிட்டான். இந்தக் கதையை மாமா கவலையோடு தொடங்கி மிகுந்த திருப்தியோடு முடிப்பார்.

அவருக்கு அடியோடு பிடிக்காத கடதாசி ஒன்று உண்டு: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். ஆபிரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பற்காரரிடம் அது இருக்கும். முன்பு பத்து வருடத்துக்குத்தான் செல்லும். 2016 ஜூலையிலிருந்து ஆயுள் முழுவதும் செல்லும் என்றாகிவிட்டது. "முடியாத கடதாசியை எப்பிடி நம்புறது?" என்று அதைத் தொடாமலே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சரித்திரத்திலும் அவருக்கு ஒரு வழக்கு இருக்கிறது. 1660இல் பாய்மரம் இழந்த கப்பலைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தவர்கள் ரொபேட் நொக்ஸும் தகப்பன் கப்டனும். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனுக்குக் காட்ட வேண்டிய முறைகளைக் கப்டன் காட்டவில்லை என்பார்கள். அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் மறுவருடமே இறந்தார். மகன் 1679இல் தப்பி, அரிப்பில் இருந்த ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தான். இரண்டு வருடத்தில் இலங்கையைப் பற்றிப் புத்தகமும் எழுதினான். வெள்ளைக்காரனைப் பிடித்த இடம் என்று மூதூரில் புளியமரத்தடியைக் காட்டுவார்கள். மாமா அதைக் கைதென்று ஒப்புக்கொள்ளமாட்டார். "உள்ள விட்டவன். வெளிய விடேல்லை. போறதுக்கு முந்தி அந்த நாட்டுச் சட்டம் என்னெண்டு பாக்கவேணும்."

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்த ஊர்தான் அவரை அப்படி வளர்த்தது. யுத்தகாலத்தில் அடையாள அட்டை இல்லாமல் சந்தைக்குப் போகவும் தயங்கிய சனம் நாங்கள். கொழும்பில் ஒரு இரவு தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டியிருந்த காலத்தைக் கண்டவர் மாமா. கடதாசி பிழைத்தால் ஆள் பிழைக்கமாட்டான் என்பது அவர் படித்துத் தெரிந்துகொண்டதல்ல.

பிறந்த திகதியில் மட்டும் அவரோடு யாரும் பகிடி விடுவதில்லை. குடாவுக்கு அக்கரையில் மூதூர்ப் பிள்ளை ரிசானா நபீக் 2005இல் வீட்டு வேலைக்குச் சவூதிக்குப் போனபோது பிறப்புப் பதிவின்படி வயது பதினேழு, பாஸ்போட்டின்படி இருபத்துமூன்று. வேலை பார்த்த வீட்டுக் குழந்தையின் மரணத்துக்காக அவளுக்கு மரண தண்டனை விதித்தார்கள். சம்பவம் நடந்தபோது அவள் சிறுமி என்று ஊரும் உலகமும் சொல்லிப் பார்த்தன. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேறியது. அதற்குப் பிறகு, "மாமா, ரெண்டு வயசு கூட்டிப் போட வழியிருக்கோ?" என்று கேட்டு வந்த ஒரு ஏஜென்சிக்காரனை மாமா படலைக்கு வெளியே தள்ளிவிட்டுச் செருப்பையும் எறிந்தார். ஒரு செருப்பு இன்னும் அகப்படவில்லை.

அவருடைய பொற்காலம் 2024. வெற்றுப் பாஸ்போட் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்து, பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் வாசலில் சனம் இரவிரவாக வரிசையில் கிடந்தது. ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபாய் கட்டத் தயாராக இருந்தவர்களுக்கும் அந்த ஒருநாள் எந்த நாள் என்று தெரியவில்லை. மாமா சொன்னபடி முற்கூட்டியே புதுப்பித்த நாலைந்து வீட்டுக்காரர் மட்டும் நிம்மதியாகப் படுத்தார்கள். அந்த மாதங்களில் மாமா வழக்கத்தைவிட அதிகமாக வெளியே உலாவினார். யாரும் ஒன்றும் கேட்காமலே, "நான் ஒண்டும் சொல்லேல்லை" என்று சொல்லிக்கொண்டு போனார்.

இப்போது அவருக்குச் சோதனைக்காலம். சிங்கப்பூருக்கு இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்கும் அப்படித்தான். இரண்டையும் போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள்தான் நிரப்பலாம். அதற்கு முன்னர் அனுப்பினால் ஏற்காது. ஆறு மாதம் முந்தாத எதையும் பிந்தியதாகவே பார்த்துப் பழகிய மனிதரைப் பார்த்துக் கடைசி மூன்று நாள்வரை பொறு என்றால் எப்படி? ஒரு வாரத்துக்கு முன்னரே மகளின் போனில் தட்டிப் பார்த்தார். மறுத்துவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்தார். சாப்பாடு குறைந்தது. எதிர்வீட்டுக் குடும்பம் பாங்கொக் போகும் கிழமை, சரியாக இரவு பன்னிரண்டு மணிக்கு அவர்களுடைய கேற்றில் தட்டும் சத்தம் கேட்டு ஒழுங்கை நாயெல்லாம் குரைத்தது. வீட்டுக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "விடியட்டும் மாமா" என்றார்.

"விடிஞ்சால் ரெண்டேமுக்கால் நாள்தான் கிடக்கும்" என்றார் மாமா. "கேற்றைத் திற."