அடிவயிறு மட்டும் தெரிந்தவை

விமானத்தை ஓசையால் அறிவது ஒரு கல்வி என்றால், பதின்மூன்று வயதிலேயே அதில் பட்டம் வாங்கியவன் நான். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: தூரத்து இரைச்சல் காதில் விழுந்ததும் பெரியவர்கள் பிள்ளைகளைத் தேடி ஓட, நாங்களோ முற்றத்தில் நின்று, இது சியாமாசெட்டியா புக்காராவா என்று பந்தயம் கட்டி, அப்பாவின் ஏச்சு எட்டிய பிறகே பனங்குற்றி அடுக்கிய பங்கருக்குள் குதித்து, அங்கும் விவாதத்தை விடாமல் தொடர்ந்து, மூலையில் தேவாரம் முணுமுணுக்கும் அப்பாச்சியிடம், "வாயைப் பொத்துங்கோடா, அவனுக்குக் கேக்கப்போகுது" என்று வாங்கிக்கட்டுவோம். பீப்பாய்க்குண்டு தள்ளும் சகடைக்கு மட்டும் பந்தயம் கிடையாது, நேரே பங்கர்தான். கணக்குப் பாடத்தில் ஹெலி வந்தாலோ அது குலதெய்வத்தின் அருள். அந்த அருளுக்காக மனதார வேண்டிக்கொண்ட பையனை இன்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பயமும் வருகிறது.

அப்பேர்ப்பட்ட நிபுணன், தலை நரைத்த பிறகு, இரத்மலானையிலுள்ள இலங்கை விமானப்படை நூதனசாலைக்கு ரிக்கெற் எடுத்துக்கொண்டு போனேன். பழைய விமானங்களைப் பேணி வைக்கும் பிரிவாக 1993இல் தொடங்கிய இடம் அது. அதே 1993இல்தான் ஆர்ஜென்ரினாவிலிருந்து புக்காராக்கள் வந்து எங்கள் தலைக்கு மேல் சுற்றத் தொடங்கின. அங்கே ஓய்வுபெற்றவற்றைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, இங்கே புதியவை வேலைக்குச் சேர்ந்துகொண்டிருந்தன. யுத்தம் முடிந்த 2009இன் நவம்பர் 5ஆம் திகதி, அதே பிரிவு முழு நூதனசாலையாகக் கதவு திறந்தது.

உள்ளே பலியல், டவ், ஹெரன் என்று றோயல் சிலோன் விமானப்படைக் காலத்துக் கிழங்கள். 1971 கிளர்ச்சியின்போது மீண்டும் பறக்கவிடப்பட்ட ஜெற் புறவொஸ்ற். அவற்றுக்கு நான் அந்நியன். புக்காராவுக்கு முன்னால்தான் கால் நின்றது. வாங்கிய 4இல் 3 விழுந்துபோக மிஞ்சியது ஒன்று. பக்கவாட்டில் பார்த்தபோது எனக்கு அதை அடையாளமே தெரியவில்லை! இவ்வளவு நீண்ட மூக்கா, இவ்வளவு உயரமான வாலா? எங்களுக்கு அதன் அடிவயிறு மட்டும்தானே பழக்கம். குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே மெல்லக் குனிந்து இறக்கைக்குக் கீழே பார்த்தேன். குண்டு தொங்கும் கொளுவிகள். அதற்குப் பிறகுதான், ஓ, நீயா என்றது மனம். பழைய சிநேகிதனைக் கண்ட உற்சாகம் ஒரு கணம் வந்தது உண்மை. அடுத்த கணமே, 1995 யூலை 9இல் நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்து விமானக்குண்டில் மாண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நினைவுக்கு வந்தார்கள். நிமிர்ந்துகொண்டேன்.

அங்கே ஒரு டக்கோட்டாவும் உண்டு. அந்த இனத்து விமானம்தான் 1947 டிசம்பர் 10ஆம் திகதி ஏயர் சிலோனின் முதல் பயணமாக இதே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்குப் பறந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரன் போட்ட பலாலி ஓடுபாதையில், காதுக்குப் பஞ்சும் வாய்க்கு இனிப்புமாகத் தான் விமானம் ஏறிய கதையை அப்பா சொல்லும்போதெல்லாம், பங்கருக்குள் இருந்த எங்களுக்கு அது பொய் போலவே இருக்கும். விமானத்துக்குள் ஆட்கள் இருப்பார்களா? இனிப்பும் கொடுப்பார்களா?

முன்னேற்றம் என்பது சுற்றிவந்து அப்பாவின் காலத்தையே தொடுவதுதான் போலும். 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையம் ஆனது. சென்னையிலிருந்து இப்போது இண்டிகோ வருகிறது, உந்துவிசிறி சுழலும் ஏரிஆர், தாழப் பறந்துதான் இறங்கும். போன வருடம் இலண்டனிலிருந்து வந்த மருமகன் கைபேசியைப் பார்த்தே அதன் இலக்கம், உயரம், வேகம் எல்லாம் ஒப்புவித்தான். காதால் கற்ற என் கல்விக்கு அங்கே வேலையில்லை. முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த அம்மா சுளகை வைத்துவிட்டு எழும்பினா.

"அம்மம்மா, அது இண்டிகோ!"

"எனக்குத் தெரியும் ராசா. எதுக்கும் நீ உள்ளுக்கை வா."