கூவுகிற அட்டைப்பெட்டி

சென்னையில் ஏதாவதொரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் முட்டை அலமாரி முன்னால் போய் நில்லுங்கள். தமிழ்நாட்டுக் கோழிகளெல்லாம் பட்டம் வாங்கிவிட்டன என்று நினைப்பீர்கள். ஒன்று ‘ஃபார்ம் ஃபிரெஷ்’. பக்கத்தில் ‘ஆர்கானிக்’. அதற்கும் மேலே ‘ஒமேகா 3’, ‘ஹெர்பல்’, ‘நேச்சுரல்’. எல்லாப் பெட்டியிலும் பச்சைப் புல்வெளி, பின்னால் ஒரு மலை, நடுவில் புன்னகைக்கும் கோழி. அலகை வைத்துக்கொண்டு அது எப்படிப் புன்னகைக்கிறது என்று கேட்காதீர்கள். ஆறு முட்டைக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்கிறவரைப் பார்த்தால் எந்தப் பிராணிக்கும் சிரிப்பு வரும்.

‘பண்ணையிலிருந்து’ என்று போட்டிருக்கிறார்களே, வேறு எங்கிருந்து வருமாம்? நாமக்கல் வட்டாரத்தில் நாளொன்றுக்கு நான்கைந்து கோடி முட்டை இறங்குகிறது. அத்தனையும் பண்ணை முட்டைதான். தெருமுனை அண்ணாச்சி கடையில் கயிறு கட்டி அடுக்கியிருக்கிறதே, அதுவும் பண்ணை முட்டைதான். புத்தம் புதிது என்பதில் அண்ணாச்சியே ஒரு படி மேல். காலையில் இறங்கிய அட்டை ராத்திரிக்குள் பெரும்பாலும் காலியாகிவிடும். குளிரூட்டிய அலமாரியில் புல்வெளிப் படத்தோடு குந்தியிருக்கிற பெட்டிக்கு அந்த அவசரம் கிடையாது. சந்தேகம் இருந்தால் ஒரு முட்டையைத் தண்ணீரில் போடுங்கள். நாளாக ஆக உள்ளே காற்றறை பெருக்கும். புதுசு அடியில் படுக்கும், பழசு நிமிர்ந்து நிற்கும், ரொம்பப் பழசு மிதக்கும். விளம்பரம் எழுதியவரின் பேச்சை முட்டை கேட்காது.

சரி, சத்து? ஓடு வெள்ளையா பழுப்பா என்பது கோழியின் இனத்தைப் பொறுத்தது. உள்ளே இருக்கிற சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மஞ்சள் கரு ஆரஞ்சு நிறத்தில் இருந்தால்தான் ஆர்கானிக் என்று கரண்டியில் ஏந்திப் படம் எடுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: தீவனத்தில் மக்காச்சோளத்தைக் கூட்டினாலோ, செண்டுமல்லிப் பூவின் சாற்றைக் கலந்தாலோ கூண்டுக்கோழியும் அந்த நிறத்தைக் கொடுத்துவிடும். எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தாலும் ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். வெயிலில் மேய்ந்த கோழியின் முட்டையில் வைட்டமின் டியும் ஒமேகா 3யும் கொஞ்சம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கோழி மேய வேண்டும். பெட்டி மேலிருக்கும் படம் மேய்ந்தால் போதாது.

இந்த வியாபாரத்தில் என்னை மெய்சிலிர்க்க வைத்த வாசகம் ‘100% சைவத் தீவனம்’. கோழிக்கு யார் தீட்சை கொடுத்தது? குப்பைமேட்டைக் கிளறிக் கரையானும் புழுவும் பூரானும் பொறுக்கித் தின்பதுதான் கோழியின் பிறவிக் குணம். அது அசலாக மேய்ந்தது என்றால் சைவமாக இருக்க வழியில்லை. சைவம் என்றால் அது மேயவில்லை, யாரோ அளந்து கொட்டியதைத் தின்கிறது. ஒரே பெட்டியில் ‘மேய்ச்சல் கோழி’ என்றும் ‘சைவத் தீவனம்’ என்றும் போடுகிறவர் கோழியையும் பார்த்ததில்லை, வாங்குகிறவருக்கு மூளை இருக்கும் என்றும் நம்பவில்லை.

அடுத்து, நாட்டுக்கோழி முட்டை. நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை வைக்கும், அடைக்கு உட்காரும், குஞ்சோடு திரியும், அப்புறம்தான் மறுபடி முட்டை. வருஷத்துக்கு 60, 80 தேறினால் அதுவே நல்ல கோழி. பண்ணைக் கோழியோ 300க்கு மேல் போடுகிறது. அப்படியிருக்க நகரத்தின் ஒவ்வொரு ஜிம் வாசலிலும் ஒவ்வொரு இயற்கை அங்காடியிலும் கூடை கூடையாக நாட்டுக்கோழி முட்டை நிரம்பி வழிகிறதே, இத்தனை கோழி எந்த ஊர் முற்றத்தில் திரிகிறது? தாயுள்ளம் கொண்ட சில வியாபாரிகள் கோழிக்கு அந்தச் சிரமத்தைக் கொடுப்பதில்லை. இளம் பண்ணைக்கோழி முதன்முதலாக இடுகிற சின்ன முட்டையை வாங்கித் தேயிலை டிகாஷனில் ஊறவைத்து எடுத்தால் நாட்டுக்கோழி முட்டை தயார். அதிகாரிகள் அவ்வப்போது பிடிக்கிறார்கள். ஈரத்துணியால் துடைத்தால் சாயம் வருகிறது. வாங்கியவருக்கு டீயும் சேர்த்துக் கிடைத்த மாதிரி.

“அப்பாடா, நம்ம ஆறேழு ரூபாய் முட்டையே போதும்” என்று நிம்மதியாக எழுந்து போகவேண்டாம். அந்த முட்டை எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிட்டுப் போங்கள். ஒரு ஏ4 தாளை எடுத்துத் தரையில் வையுங்கள். கம்பிக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைப்பது அதைவிடச் சின்ன இடம். இறக்கையை விரிக்க முடியாது. ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சிலேயே அலகு நுனியைச் சுட்டுத் தீய்த்துவிடுகிறார்கள். முட்டைக் கோழி இனத்தில் பொரிகிற சேவல் குஞ்சால் யாருக்கும் லாபமில்லை. பொரித்த அன்றே சாவு. தப்பியவை பச்சை, ரோஸ் சாயம் பூசித் திருவிழாக் கூட்டத்தில் குழந்தைகளுக்கு விற்கப்படும். வேறு வழியில்லாதபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் கடைசியாக எடுக்கிற கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி கொழுக்கட்டும் என்று தீவனத்தில் கலந்துகொண்டிருந்த தேசம் இது. தடை வந்தது 2019ல். முட்டைக் கோழிகளை எப்படி வளர்க்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2017ல் அறிக்கையே கொடுத்தது. அது எந்த அலமாரியில் எத்தனை நாள் அடைகாத்ததோ.

ஆகவே எது நல்ல முட்டை என்றால், கோழி எங்கே வளர்ந்தது, என்ன தின்றது, என்ன ஊசி வாங்கியது என்று சொல்லக்கூடிய முட்டை. இதைச் சொல்ல வைப்பது ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. ஐரோப்பாவில் 2004 முதல் ஓட்டின் மேலேயே எண் அச்சடிக்கிறார்கள். 0 என்றால் ஆர்கானிக், 1 வெளியில் மேய்ந்தது, 2 கொட்டகையில் வளர்ந்தது, 3 கூண்டு. பின்னாலேயே நாடும் பண்ணையும். வாங்குகிறவர் கூண்டு முட்டையைத் தெரிந்தே வாங்கலாம், தெரிந்தே தவிர்க்கலாம். இங்கேயும் ஆர்கானிக் என்று விற்கச் சான்றும் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையும் வேண்டும் என்று விதி உண்டு. பெட்டியைத் திருப்பித் திருப்பித் தேடுங்கள். மலை இருக்கும், புல் இருக்கும், கோழி சிரிக்கும்.

முட்டை ஓட்டின் மேல் முத்திரை குத்துகிற வித்தை நமக்குத் தெரியாததல்ல. சத்துணவில் 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆரம்பித்த முட்டை, இப்போது வாரத்தில் பள்ளி நடக்கிற நாளெல்லாம் உண்டு. அந்த முட்டை ஒவ்வொன்றிலும் அரசு முத்திரை இருக்கிறது. கோழி என்ன தின்றது என்று குழந்தைக்குச் சொல்வதற்காக அல்ல. யாரும் திருடி விற்றுவிடாமல் இருக்க. ஏழைப் பிள்ளையின் தட்டில் விழும் முட்டைக்கு மை கிடைக்கிறது, இயந்திரம் கிடைக்கிறது, ஆள் கிடைக்கிறது. நூறு ரூபாய்ப் பெட்டி என்று வந்தால் மட்டும் அரசாங்கத்துக்கு மை தீர்ந்துபோகிறது.

அந்த முத்திரை வேலை செய்யவும் செய்கிறது. 2024ல் துறையூரில் ஓர் ஓட்டலில் சத்துணவு முத்திரையோடு முட்டை கிடந்தது வெளியே வந்தது; கடைக்கு சீல் வைத்தார்கள். ஓட்டல்காரர் சாமர்த்தியம் போதாதவர். அதே முட்டையைத் தேயிலைத் தண்ணீரில் முக்கிப் புல்வெளிப் படம் போட்ட பெட்டியில் அடைத்திருந்தால், குளிர்பதன அலமாரியில் இடம் கொடுத்து, மூன்று மடங்கு விலையும் கொடுத்திருப்பார்கள்.