24 வாத்தியார்கள்

கேள்வி: பஸ் தாமதமானாலும் சரி, பால் பொங்கினாலும் சரி, என் கணவர் அதிலிருந்து ஒரு வாழ்க்கைப் பாடம் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். அன்றாட அனுபவத்தில் கற்றுக்கொள்ள அவ்வளவு இருக்கிறதா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: இருக்கிறது. உங்கள் கணவருக்கு முன்னோடியே உண்டு. பாகவதத்தின் 11ஆவது ஸ்கந்தத்தில் துறவியான ஓர் அவதூதர், தமக்கு 24 குருமார்கள் என்று யது மன்னனிடம் பட்டியல் போடுகிறார். காற்று, கடல், புறா, தேனீ, சிலந்தி என்று தட்சிணை கேட்காத கூட்டம்.

எனக்குப் பிடித்த குரு ஒரு கன்னிப்பெண். பெண் கேட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். வீட்டில் வேறு யாரும் இல்லை. விருந்தாளிகளுக்குச் சமைக்க உள்ளே போய் நெல் குத்துகிறாள். வளையல்கள் கலகலக்கின்றன. வீட்டு வறுமை வெளியே கேட்டுவிடுமே என்று வெட்கம். ஒவ்வொன்றாக உடைத்து, கைக்கு இரண்டு மிச்சம் வைத்தாள், அப்போதும் சத்தம். ஒன்றாக்கினாள், சத்தம் நின்றது. பலர் கூடினால் சண்டை, இருவர் இருந்தாலும் பேச்சு, அதனால் தனியே திரிவதே மேல் என்று புரிந்துகொண்டார் அவதூதர். (சம்சாரிகள் இந்த இடத்தைச் சீக்கிரம் தாண்டிவிடவும்.)

ஆனால், பாடம் அவருக்கு. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அவர் உபதேசம் செய்யவில்லை. மன்னன் கேட்ட பிறகுதான் வாயையே திறந்தார். இதைக் கணவரிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

பட்டியலில் மலைப்பாம்பும் உண்டு. தேடி அலையாதே, தானாக வந்ததைச் சாப்பிடு, வராவிட்டால் சும்மா படுத்துக்கிட என்பது அதன் பாடம். இதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.