ஸ்டீயரிங் கோணல், ரோடு சரிவு

ஒக்கலிபுரத்தில் ஒருவர் புது மினி லாரி எடுத்தார். வண்டி நேராகத்தான் போகிறது. ஸ்டீயரிங் மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. சர்வீஸ் ஆளிடம் பதில் தயார்: "ரோடே இடப்பக்கம் சரிவுண்ணா, மழைத்தண்ணி வடியணும்ல." உண்மைதான். அங்கே ரயில் பாலத்தடியில் தேங்கும் தண்ணீருக்குத்தான் இதை யாரும் சொல்லவில்லை போலும்.

விடாமல் நச்சரித்தால் நடு நட்டைக் கழற்றி, ஸ்டீயரிங்கைப் பிடுங்கி, ஒரு பல் தள்ளி மாட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு நேர், உள்ளே கோணல் அப்படியே. முறைப்படி ஸ்டீயரிங்கை நேராக நிறுத்திப் பூட்டி, கீழே சக்கரங்களைத் திருப்பும் டை ராடுகளைத் திருகி, சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் டோ அளவைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு வண்டிக்கடியில் நுழைய வேண்டுமே, யூனிஃபார்ம் அழுக்காகாதா? தவிர, அலைன்மென்ட் வாரண்டியில் வராதாம். டயர் ஒருபக்கமாகத் தேய்ந்ததும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.