ஜனவரி மீது ஒரு பொய் வழக்கு

கனடாவின் வின்னிபெக் நகரத்தில் ஜனவரி மாதக் காலை. ராத்திரி மைனஸ் 20-க்கும் கீழே போயிருக்கிறது. கார்ச் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. நம்மூர் மெக்கானிக் பாஷையில் சொன்னால், ‘செல்ஃப் எடுக்கலை’. குளிர் பேட்டரியைக் கொன்றுவிட்டது என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பிணத்தின் பக்கத்தில் நின்றவனைப் பிடித்து உள்ளே தள்ளுகிற பழைய போலீஸ் புத்திதான் இது. ஜனவரி சார்பில் நான் ஆஜராகிறேன். பேட்டரியை முக்கால்வாசி கொன்றது ஜூலை மாதம். மிச்சக் கால்வாசிக்குப் பட்டினி போட்ட வீட்டுக்காரர் பொறுப்பு. ஜனவரி செய்ததெல்லாம் போர்வையை விலக்கி முகத்தைக் காட்டியதுதான்.

பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளான்டே 1859-ல் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் ஊறப்போட்டு ஆரம்பித்து வைத்த சமையல், அடிப்படையில் இன்றும் அதேதான். உள்ளே நடப்பது வேதிவினை. வேதிவினைக்குக் குளிர் வந்தால் மார்கழி மாதத்துப் பள்ளிப் பிள்ளை மாதிரி எழுந்திருக்க மனசு வராது. மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரியே தன் பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் தரும். அந்த நேரம் பார்த்து எஞ்சின் ஆயிலும் பாகு மாதிரி இறுகி, வழக்கத்தைவிட அதிக பலம் கேட்கும். வருமானம் பாதியான மாதத்தில் சீர்வரிசைச் செலவும் சேர்ந்து வந்த கதை. ஆனால் தூக்கம் வேறு, மரணம் வேறு. வெயில் வந்தால் போன பலம் திரும்பிவிடும். வெப்பம் செய்கிற சேதம் அப்படித் திரும்பாது. தண்ணீர் வற்றும், பாசிட்டிவ் தகட்டின் உள்வலை அரித்துப்போகும். சராசரி வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதி என்பது இந்தத் தொழிலில் புழங்கும் கணக்கு. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பாலைவன நகரம். பனிக்கட்டியைக் குளிர்பானத்தில் மட்டும் பார்க்கிற அந்த ஊர்க்காரர்கள், வடக்கே இருப்பவர்களைவிடச் சீக்கிரமாகவே புது பேட்டரி வாங்குகிறார்கள். இன்னும் சந்தேகம் என்றால் சென்னைக்கு வாருங்கள். ஸ்வெட்டருக்கே வேலையில்லாத ஊரில் பேட்டரிக் கடைகள் எப்படிப் பிழைக்கின்றன?

இந்தத் தப்பான தீர்ப்பால் வரும் கெடுதல், தப்பான வைத்தியம். நவம்பரில் காரை மூடி வைத்து ஏப்ரலில் எடுப்பவர்கள் கனடாவில் நிறைய. அவர்களில் பாசக்காரர்கள் பேட்டரியைக் கழற்றி, கைக்குழந்தையைப் போலத் தூக்கிவந்து, வீட்டுக்குள் ஹீட்டர் பக்கத்தில் வைப்பார்கள். வைத்தபின் மறந்துவிடுவார்கள். சும்மா இருக்கும் பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக வடியும்; கதகதப்பில் இன்னும் வேகமாக வடியும். அதற்கு வேண்டியது கம்பளி அல்ல, சாப்பாடு. முழுக்க சார்ஜ் ஏறிய பேட்டரியின் அமிலம் மைனஸ் 60-க்குப் பக்கத்தில் போனால்தான் உறையும். வின்னிபெக்கால்கூட அதற்கு ஆகாது. முழுக்க வடிந்துவிட்டாலோ உள்ளே இருப்பது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். மைனஸ் 10 வருமுன்பே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். உறையாமல் தப்பினாலும், பட்டினி கிடந்த தகடுகளில் ஈய சல்ஃபேட், மழைக்கால உப்பு ஜாடி போல இறுகிப்போகும். அப்புறம் சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. ஆகவே குளிர்ந்த கராஜே உத்தமம், வயிறு நிறைந்திருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்குமேல் காட்டினால் நிறைவு. 12.4-க்கு இறங்கினால் மறுபடி ஊட்ட வேண்டும்.

சைபீரியாவின் யாகூத்ஸ்க் நகரத்தில் பேட்டரியை ராத்திரி வீட்டுக்குள் கொண்டுபோகிறார்களே, அவர்கள் முட்டாள்களா என்று கேட்கலாம். இல்லவே இல்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டியைக் கிளப்ப வேண்டியவருடைய கவலை, தூங்குபவனை எழுப்புவது. அதற்குச் சூடு சரியான மருந்து. ஏப்ரல்வரை தூங்கப்போகிறவனைத் தினமும் உலுக்குவானேன்? (அந்த ஊரில் காருக்குப் போர்த்தும் தடித்த போர்வைக்கு ‘நத்தாஷா’ என்று பெயர். கார்மீது இவ்வளவு பிரியம் வைத்தவர்களோடு வாதாட எனக்குத் தைரியமும் இல்லை.)

இன்னொரு கட்சி, வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டால் போதுமே என்னும். போதாது. குளிரில் ஒரு தடவை கிளப்பினால் பேட்டரியிலிருந்து பெரிய கவளமாக எடுக்கிறோம். நின்ற இடத்தில் உறுமும் எஞ்சின், அதுவும் உள்ளே ஹீட்டர், கண்ணாடிச் சூடு எல்லாம் போட்டிருந்தால், பருக்கை பருக்கையாகத்தான் திருப்பிக் கொடுக்கும். வாராவாரம் விருந்துக்கு அழைத்துப் பந்தியில் பாதியில் எழுப்பிவிடுகிற உபசாரம் இது. அலாரமும் கடிகாரமும் கொறிப்பது தனி. வெறும் 50 மில்லியாம்பியர் என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி; 50 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு வாரத்தில் காலி. நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி வைத்துவிட்டால் இந்தத் திருட்டு நிற்கும். மாட்டும்போது அதுவே கடைசி. சார்ஜர் வாங்கினால், நிறைந்ததும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிற வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். நிறுத்தத் தெரியாத பழைய சார்ஜர், ‘இன்னும் ஒரு தோசை’ என்று இலையை மறைக்க விடாத அத்தை. பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். உறைந்த பேட்டரிக்கு மட்டும் எந்தச் சார்ஜரும் கூடாது, வெடிக்கலாம்.

கான்கிரீட் தரையில் வைத்தால் சார்ஜை உறிஞ்சிவிடும் என்ற நம்பிக்கையும் கனடாவில் உயிரோடு இருக்கிறது. மரப் பெட்டியும் கெட்டி ரப்பர் பெட்டியுமாக பேட்டரி வந்த காலத்தில், ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்தது உண்மைதான். இன்றைய பிளாஸ்டிக் பெட்டியைத் தரை ஒன்றும் செய்யாது. ஆனாலும் பலகை போட்டுத்தான் வைப்பேன் என்பவர்கள் போட்டுக்கொள்ளட்டும். கனமான பெட்டி அது. தூக்கும்போது நாலு அங்குலம் குறைவாகக் குனியலாம்.